செஞ்சிப் பாறைக்குள் எந்த வழியாக ஓடுகிறது நீர்?

பூமியின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க மத்திய அரசு கொள்கை வகுத்துவிட்டது. அதற்கு முதல் தேவை, கருங்கல்லின் விரிசல்களில் நீர் ஓடும் பாதையைக் கணினியில் வரையும் கலை. அதற்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் நம் மண்ணின் கிணறுகளை அளந்தவர். அந்தக் கலை இன்று மிக அவசரமாகத் தேவைப்படுவது செஞ்சி வட்டாரத்து மேல்சித்தாமூர் போன்ற ஊர்களுக்கு.

பங்குனி பிறந்து கிணறுகள் அடி காட்டத் தொடங்கினால் செஞ்சி வட்டாரத்தில் ரிக் வண்டிகளின் நடமாட்டம் கூடிவிடும். மேல்சித்தாமூரில் ஒரு கொல்லையோரம் வண்டி நின்று துளை போட்டால், கம்ப்ரசரின் உறுமல் பார்சுவநாதர் கோயில் ராஜகோபுரத்தைத் தாண்டியும் கேட்கும். விளக்கு வெளிச்சத்தில் கல்மாவு வெள்ளைப் புகையாக எழுந்து பக்கத்து மல்லாட்டைச் செடிகள்மேல் படிகிறது. நிலத்துக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இறங்கும் ராடுகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார். அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. ஒவ்வொரு ராடும் கடன் கணக்கில் ஏறுகிறது.

"இருநூறு அடி ஆச்சுங்கய்யா. காய்ஞ்ச கல்லுதான் வருது" என்கிறார் வண்டியை ஓட்டும் தம்பி. அடுத்த ராடு பாதி இறங்கும்போது சத்தம் மாறுகிறது. துளைமுனை ஒரு சாண் தானாகவே இறங்கி நிற்கிறது. அங்கிருக்கும் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். கேப்பு! கல்லுக்குள் விரிசல் தட்டிவிட்டது. வெள்ளை மாவு சாம்பல் குழம்பாகி, பிறகு தண்ணீராகப் பீய்ச்சுகிறது. ஒரு இஞ்ச் தேறும்.

"இன்னும் நூறடி போட்டா கூடுமாப்பா?"

"போடச் சொன்னா போடறேன்யா. அடுத்த கேப்பு கிடைச்சாலும் கிடைக்கும். இருக்கிற தண்ணியும் அதுல எறங்கிப் போனாலும் போயிடும். கீழ என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை எந்த ஊரிலும், எந்தக் கோடையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அந்தத் தம்பி சொல்லும் கடைசி வாக்கியம்தான் உலகெங்கும் புவி வெப்ப மின்சாரம் எடுக்க முயலும் பொறியாளர்களின் கேள்வியும். அவர்கள் துளைப்பது இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழம். செலவு கோடிக்கணக்கில். ஒரு விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அது அடுத்த விரிசலோடு சேர்கிறதா என்று தெரியாமல் தவிப்பதில் அவர்களுக்கும் நம் நிலத்துக்காரருக்கும் வேறுபாடில்லை.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 செப்டம்பரில் மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் தேசியப் புவி வெப்ப ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. சூரியன் மறைந்த பிறகும், காற்று ஓய்ந்த பிறகும் நிற்காமல் கிடைக்கும் மின்சாரம் என்பது இதன் ஈர்ப்பு. நாட்டில் 381 வெந்நீர் ஊற்றுப் பகுதிகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அடையாளம் கண்டிருக்கிறது. சுமார் 10,600 மெகாவாட் எடுக்கலாம் என்பது மதிப்பீடு. கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளை வெப்பம் எடுக்கப் பயன்படுத்துவதற்கும் கொள்கை இடம் தருகிறது.

லடாக்கின் பூகா பள்ளத்தாக்குதான் நம்பிக்கைக்குரிய முதல் இடம். 1970-களிலேயே அங்கே துளையிட்டு ஆராய்ந்தார்கள். 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. அங்கே ஒரு மெகாவாட் சோதனை நிலையத்துக்கு ஒப்பந்தம் போட்டது. பூகாவில் சுடுநீர் தானாகவே மேலே வருகிறது. ஆனால் பூமியின் வெப்பத்தில் பெரும்பகுதி வெந்நீர் ஊற்றாக வெளிவருவதில்லை. ஆழத்தில் காய்ந்த கருங்கல்லில் அடைபட்டுக் கிடக்கிறது. அதை எடுக்கும் வழி சொல்வதற்கு எளிது: இரண்டு ஆழ்துளைகள் போட வேண்டும், நடுவிலுள்ள பாறையில் அழுத்த நீரைச் செலுத்தி விரிசல்களைத் திறக்க வேண்டும், ஒரு துளையில் குளிர்ந்த நீரை இறக்கினால் அது விரிசல் வழியே ஓடி, பாறைச் சூட்டை வாங்கிக்கொண்டு மறு துளையில் ஏறும்.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் 1970-களில் ஃபென்டன் ஹில் என்ற இடத்தில் இதைத் தொடங்கியது. பிரான்சின் சூல்ட்ஸில் ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கருங்கல்லில் இறங்கினார்கள். 2023-ல் நெவாடாவில் ஃபெர்வோ என்ற நிறுவனம் முப்பது நாள் சோதனையில் வினாடிக்கு 63 லிட்டர் வரை நீரோட்டம் காட்டியது, 3.5 மெகாவாட் மின்சாரத்துக்கு அது போதும் என்று அறிவித்தது. அரை நூற்றாண்டு உழைப்பு. வெப்பம் இருப்பது முதல் நாளிலிருந்தே தெரியும். நீர் எந்த வழியாகப் போகும் என்பதுதான் இத்தனை காலமும் பிடி கொடுக்கவில்லை.

பெட்டிச் செய்தி: கல்லுக்குள் எவ்வளவு சூடு?

ஒரு கன கிலோமீட்டர் கருங்கல் ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் ஆறினால் வெளிவரும் வெப்பம் சுமார் 60 கோடி யூனிட். மின்சாரமாக மாற்றும்போது இதில் சிறு பகுதியே மிஞ்சும்.

ஆனால் கருங்கல் சூட்டை மெதுவாகத்தான் விட்டுக்கொடுக்கும். விரிசலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே இருக்கும் வெப்பம் விரிசலை எட்ட ஏறத்தாழ ஒன்பது நாள். பத்து மீட்டர் உள்ளே என்றால் இரண்டரை ஆண்டு. நூறு மீட்டர் என்றால் இரண்டு நூற்றாண்டுக்கும் மேல். அதனால் விரிசல்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே திட்டத்தின் ஆயுளை முடிவு செய்கிறது.

இரட்டித்தால் எட்டு

மணலில் நீர் ஓடுவதைக் கணக்கிடுவது ஒப்பீட்டளவில் சுலபம். எல்லாப் பக்கமும் துளைகள் இருப்பதால் சராசரி எடுத்துவிடலாம். கருங்கல்லில் அது நடக்காது. கல்லுக்குள் நீர் புகாது என்றே சொல்லலாம். விரிசலுக்குள் மட்டுமே ஓடும். விரிசலின் சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் அந்த ஓட்டத்தை ஆள்கிறது. அழுத்தம் மாறாதபோது இடைவெளி இரட்டித்தால் ஓட்டம் எட்டு மடங்காகும். பத்து மடங்கானால் ஓட்டம் ஆயிரம் மடங்கு. இதைக் கன விதி என்கிறார்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் விரிசலையும் பத்தில் இரண்டு மில்லிமீட்டர் விரிசலையும் வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. நீரைப் பொறுத்தவரை முன்னது ஒற்றையடிப் பாதை என்றால் பின்னது நான்குவழிச் சாலையைவிட அகலம்.

நிஜப் பாறையில் சுவர்கள் சமதளமாகவும் இருப்பதில்லை. சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும், சில இடங்களில் விலகியிருக்கும். விரிசல் பரப்பு முழுவதும் ஓடாமல், நீர் ஒன்றிரண்டு கால்வாய்களைத் தேர்ந்துகொண்டு போகும். பத்தடி தள்ளிப் போட்ட போரில் சொட்டுத் தண்ணீர் வராமல் போவதன் காரணம் இதுதான். கேப்பு அங்கேயும் இருந்திருக்கலாம், ஓட்டம் இருந்திருக்காது.

கணினி இங்கே என்ன செய்கிறது? ஒரு வழி, ஆயிரக்கணக்கான விரிசல்களைத் தனித்தனித் தட்டுகளாக வரைந்து, ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் இணைத்து, நீரை ஓட்டிப் பார்ப்பது. உள்ளே இருக்கும் விரிசல்களை யாரும் பார்த்ததில்லை. துளைகளில் கண்டவற்றையும், வெளியே தெரியும் மலைமுகங்களில் அளந்தவற்றையும் வைத்து, திசை, நீளம், நெருக்கம் ஆகியவற்றின் போக்கைக் கண்டுபிடித்து, அந்தப் போக்குக்குப் பொருந்தும் வலைப்பின்னல்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கிப் பார்க்கிறார்கள். இவற்றில் எது உண்மைக்கு நெருக்கம் என்பதை நீர்மட்டம், அழுத்தம், சாயம் கலந்த நீர் மறு துளைக்கு வந்துசேரும் நேரம் ஆகிய அளவீடுகள் சொல்லும். துல்லியமான முறைதான். ஆனால் கணினிக்கு இது பெரும் பாரம். தரவு கேட்பதிலும் இதற்குப் பசி அடங்காது.

இன்னொரு வழி இருக்கிறது. அதன் கதையில் நம் பாலாறு வருகிறது.

பாலாற்றுக் கிணறுகளிலிருந்து பெர்க்லி வரை

டி. என். நரசிம்மன் என்ற பெயரை நிலத்தடி நீர் படித்தவர்களைத் தவிர மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பது அரிது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். 1960-களில் சென்னைக்கு அருகே பாலாற்று மணலில் வெட்டிய திறந்த கிணறுகளில் நீர் இறைத்து, மட்டம் எவ்வளவு வேகத்தில் தாழ்கிறது, ஏறுகிறது என்று அளந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். நம் ஊர்க் கிணறு அகலமானது. இறைக்கத் தொடங்கியதும் முதலில் காலியாவது கிணற்றுக்குள் தேங்கிய நீர். பிறகுதான் நிலம் ஊறிக் கொடுக்கும். மெல்லிய குழாய்க் கிணறுகளுக்கென எழுதிய மேல்நாட்டுச் சூத்திரங்கள் இங்கே அப்படியே பொருந்தவில்லை. அந்த வேறுபாட்டை அவர் எடுத்துக்கொண்டு வேலை செய்தார்.

பிறகு அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி. அங்கே பால் விதர்ஸ்பூனுடன் சேர்ந்து 1976-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, நிலத்தடி ஓட்டத்தைக் கணிக்கும் ஒரு முறையை முன்வைத்தது. பாறையை ஒழுங்கான கட்டங்களாகத்தான் பிரிக்க வேண்டும் என்றில்லை. எந்த வடிவத் துண்டுகளாகவும் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் வருவதும் போவதும் சேர்வதும் கணக்கில் நேராக இருந்தால் போதும். கிணற்றடியில் நின்று வரவு செலவு பார்த்தவருக்கு இயல்பாக வரக்கூடிய சிந்தனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1980-களின் முதற்பாதியில் கார்ஸ்டன் ப்ரூயெஸ் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, விரிசல் கண்ட பாறையில் நீரும் வெப்பமும் ஓடுவதைக் கணிக்க நடைமுறைக்கேற்ற முறையொன்றை நரசிம்மன் உருவாக்கினார். அதற்கு முன் 1963-ல் வாரன், ரூட் என்ற இருவர் ஒரு மாதிரி கொடுத்திருந்தார்கள். அதில் விரிசல் ஒரு பங்கு, கல் ஒரு பங்கு; இரண்டுக்கும் நடுவே ஒரே வேகத்தில் பரிமாற்றம். எண்ணெய்க்கு அது ஓரளவு போதும். வெப்பத்துக்குப் போதாது. ஆவியில் வெந்த கொழுக்கட்டையை எடுத்து வைத்தால் மேல்மாவு ஆறிவிடும். உள்ளே பூரணம் நாக்கைச் சுடும். இரண்டு விரிசல்களுக்கு நடுவே உள்ள கல்லும் அப்படித்தான். ஓரம் உடனே குளிரும், நடு பல ஆண்டுகள் சூடாகவே இருக்கும். அதனால் ப்ரூயெஸும் நரசிம்மனும் கல்லை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகளாய்ப் பிரித்தார்கள். விரிசலை ஒட்டிய அடுக்கு வேகமாகவும், உள்ளடுக்குகள் படிப்படியாக மெதுவாகவும் பதில் சொல்லும். ஒவ்வொரு விரிசலையும் வரைய வேண்டிய தேவை விட்டுப்போயிற்று. கலிஃபோர்னியாவின் கீசர்ஸ் போன்ற நீராவி வயல்கள் ஏன் எதிர்பார்த்ததைவிட நீண்டகாலம் நீராவி தருகின்றன என்பதைப் புரிந்துகொள்ளவும் இது உதவியது.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1987-ல் வெளியிட்ட டஃப் என்ற மென்பொருளும், 1991-ல் வந்த அதன் இரண்டாம் வடிவமும் இந்த முறைகளின்மேல் எழுந்தவை. உலகின் புவி வெப்ப வயல்களை ஆராய்வதற்கும், அணுக்கழிவை ஆழத்தில் புதைக்கலாமா என்று பார்ப்பதற்கும், கரியமில வாயுவை நிலத்தடியில் தேக்குவதற்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வழியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஜி. சுரேஷ் குமாரும் வருகிறார். 2007-ல் அகமது கசெமியுடன் அவர் எழுதிய கட்டுரை, குளிர்ந்த நீர் ஓடும்போது விரிசலுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தது. பாறை குளிர்ந்து சுருங்கும்போது விரிசல் அகலமாகும். நீரில் கரைந்த சிலிக்கா சில இடங்களில் படிந்து அதை அடைக்கவும் செய்யும், சில இடங்களில் கல் கரைந்து வழி பெரிதாகவும் செய்யும். கன விதியை இங்கே நினைத்துப் பாருங்கள். இடைவெளி சற்றே மாறினாலும் ஓட்டம் பல மடங்கு மாறும். எந்த வழி அகலமாகிறதோ அந்த வழியில் மேலும் நீர் ஓடும். அது மேலும் குளிரும், மேலும் அகலமாகும். கடைசியில் நீரெல்லாம் ஒரே குறுக்குவழியில் ஓடி, சூடேறாமலே மறு துளையில் வந்து நிற்கும். பாறை முழுக்க வெப்பம் இருந்தும் திட்டம் படுத்துவிடும்.

செஞ்சிக் கருங்கல்லில் மின்சாரம் கிடைக்குமா?

கொள்கை வந்த செய்தியைப் படித்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நேர்மையான பதில்: இன்றைய நிலையில் கிடைக்காது.

இந்த வட்டாரத்திலிருந்து பலர் பிழைக்கப் போன இடத்திலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. கோலார் தங்கவயலில் வட ஆற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கினார்கள். 2001-ல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. மனித உடலுக்கு அது நரகம். மின்சாரம் எடுக்க அது போதாது. தென்னிந்தியாவின் பழம்பாறைகளில் ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரிதான் ஏறுகிறது. உலகச் சராசரி 25 முதல் 30. நூற்றைம்பது டிகிரி வேண்டுமென்றால் செஞ்சிக்கு அடியில் எட்டு முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் இறங்க வேண்டும். உலகில் மனிதர் போட்ட மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. அதற்கு இருபது ஆண்டு பிடித்தது.

மாற்றுக் கருத்தும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய டி. சந்திரசேகரம், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மிகுந்த கருங்கற்கள் தாமாகவே கூடுதல் வெப்பம் உண்டாக்குவதால் அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறார். அது கேட்க வேண்டிய குரல். தமிழகத்துக்குள் பார்த்தால், பழம்பாறை மேட்டைவிடக் காவிரிப் படுகையின் ஆழ்துளைகள்தான் அதிக வெப்பம் காட்டுகின்றன. மயிலாடுதுறை மாவட்டம் மாதானத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் கண்டது விரிசல் கண்ட அடிப்பாறையில்தான். விரிசல்களுக்குள் ஓட்டத்தைக் கணிக்கும் வேலை நம் மாநிலத்திலேயே எண்ணெய்க்காக நடக்கிறது என்று இதற்குப் பொருள். ஆனால் டெல்டா, 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். அங்கே எதைச் செய்வதானாலும் விவசாயிகளின் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது.

தப்புக் கணக்கின் விலை

சம்மதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பாறைக்குள் அழுத்த நீரைச் செலுத்தினால், ஏற்கெனவே நழுவத் தயாராக இருக்கும் பழைய பிளவுகள் நழுவக்கூடும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பர் 8 அன்று 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது. நகரத்துக்கு அடியிலேயே புவி வெப்பத் துளை போட்டிருந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

தென்கொரியாவின் போஹாங்கில் நடந்தது அதைவிடப் பெரிது. 2017 நவம்பர் 15 அன்று ஏறத்தாழ 5.5 அளவு நிலநடுக்கம். வீடுகள் இடிந்தன, பலர் காயமடைந்தனர், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். அரசு அமைத்த குழு, புவி வெப்பத் திட்டத்தின் நீர் செலுத்தலே அதைத் தூண்டியது என்று 2019 மார்ச்சில் அறிவித்தது. துளைக்கு அருகே அப்படியொரு பிளவு இருந்தது பின்னர்தான் தெரிந்தது.

பூகாவிலேயே 2022-ல் துளையிட்டபோது சுடுநீர் கட்டுக்கடங்காமல் வெளியேறி ஓடையில் கலந்தது. வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. எந்தப் பெரிய கணினி இருந்தாலும், தரையில் எடுத்த அளவீடு குறைவாக இருந்தால் மாதிரி பொய் சொல்லும். திரையில் வண்ண வண்ணமாகத் தெரியும் படம் பார்ப்பவரை எளிதில் நம்பவைத்துவிடும் என்பதால் அந்தப் பொய் கூடுதல் ஆபத்தானது.

செஞ்சிக்கு வேண்டியது இந்தக் கலை

வெப்பம் இங்கே இல்லை. விரிசல் இருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப்பாறை. இந்தப் பாறையில் வாழ்பவர்களுக்குக் குடிநீரும் பாசன நீரும் விரிசல் வழியாகத்தான் வருகின்றன. செஞ்சியின் ராஜகிரி மலை உச்சியில் கோட்டை கட்டியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. பாறை இடுக்குகளில் ஊறும் சுனைகளும் குளங்களும் இல்லாமல், 1690 முதல் 1698 வரை நீண்ட முகலாய முற்றுகையை அந்தக் கோட்டை தாங்கியிருக்க முடியாது.

இன்றைய முற்றுகை வேறு விதம். முப்பது, நாற்பது அடிக் கிணற்றில் ஏற்றம் இறைத்த ஊர்களில் இன்று ஐந்நூறு, எழுநூறு அடிக்குப் போர் இறங்குகிறது. ஒருவர் ஆழமாகப் போட்டால் பக்கத்துக்காரர் கிணறு வற்றுகிறது. அவர் இன்னும் ஆழமாகப் போடுகிறார். அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை விட்டதும், வழக்கு காவல் நிலையம் வரை போனதும் எந்த ஊரில் இல்லை? இரண்டு துளைகளும் ஒரே விரிசலைத் தொட்டிருந்தால் புகாரில் நியாயம் உண்டு. தொடவில்லை என்றால் வீண் பகை. தீர்மானிக்கும் வழி நரசிம்மன் பாலாற்றில் செய்ததைப் போன்றதுதான்: ஒன்றில் இறைத்துக்கொண்டே மற்றதில் மட்டத்தை அளப்பது. எத்தனை ஊரில் யார் அளந்திருக்கிறார்கள்?

ஆழம் கூடினால் நீர் கூடும் என்ற நம்பிக்கையையும் ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் பிரெஞ்சு நிலவியல் நிறுவனமும் சேர்ந்து மகேஸ்வரம் என்ற கருங்கல் வட்டாரத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. நீர் தரும் விரிசல்கள் பெரும்பாலும் மேலேயுள்ள சிதைந்த அடுக்கிலும் அதை ஒட்டிய விரிசல் அடுக்கிலும், மேற்பரப்பிலிருந்து சில பத்து மீட்டர்களுக்குள் இருக்கின்றன. அதற்குக் கீழே அவை வேகமாக அருகிவிடுகின்றன. கீழே கிடைக்கும் ஒற்றைக் கேப்பு முதல் வாரம் பீய்ச்சுவதும், மூன்றாம் மாதம் காற்று வாங்குவதும் இதனால்தான். மேலடுக்கிலிருந்து ஊறி வந்தால்தான் அதற்கு உயிர். மேலடுக்கு வறண்டுவிட்டால் ஆயிரம் அடியும் வீண்.

ஏரியைத் தூர்வாரும் பணமும் செறிவூட்டும் குழிகள் வெட்டும் பணமும் எங்கே பயன் தரும் என்பதும் இதே கணக்குதான். விரிசலோடு சேராத இடத்தில் வெட்டிய குழி மழைநீரைத் தேக்கி வெயிலுக்குக் கொடுக்கும். சேர்ந்த இடத்தில் வெட்டினால் அரை மைல் தள்ளியுள்ள கிணறுகூட ஊறும். இதைச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன, பல இலவசம். நம் கல்லூரி மாணவர்கள் மடிக்கணினியிலேயே ஓட்டலாம். விரிசல்களின் திசையை அளக்க செஞ்சி மலைகளைவிட நல்ல திறந்தவெளிக் கூடம் கிடைக்காது. மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம் அது. உளி படக் கூடாது. திசைகாட்டியும் டிரோன் படமும் போதும்.

பெட்டிச் செய்தி: ஒரு இஞ்ச் எவ்வளவு?

போர் போட்டதும் வி வடிவ வெட்டுள்ள தகட்டின் வழியே நீரை வழியவிட்டு, வெட்டில் நிற்கும் உயரத்தை இஞ்சில் சொல்வார்கள். ஒரு இஞ்ச் என்றால் வினாடிக்கு சுமார் 0.14 லிட்டர். இரண்டு இஞ்ச் அதைப் போல் இரண்டு மடங்கு என்று எண்ணிவிட வேண்டாம், சுமார் 0.8 லிட்டர், அதாவது ஐந்தரை மடங்குக்கு மேல். நெவாடா சோதனையின் 63 லிட்டர், இரண்டு இஞ்ச் போர்கள் ஏறத்தாழ எண்பது சேர்ந்து தரும் நீருக்குச் சமம்.

வண்டியோடு போகும் அறிவு

அப்படியானால் தடை என்ன? தரவு.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கத் துளைத்திருக்கின்றன. ஆப்பிரிக்கா வரை போயிருக்கின்றன. எத்தனையாவது அடியில் கல்லின் நிறம் மாறியது, எந்த அடியில் கேப்பு விழுந்தது, ஒவ்வொரு கேப்புக்கும் எத்தனை இஞ்ச் கூடியது என்று துளை போடும் தம்பிக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரு விஞ்ஞானி கோடி ரூபாய் செலவிட்டுத் தேடும் தகவல் அது. விடியும்போது பில்லில் மொத்த அடியும் கேசிங் அடியும் மட்டுமே எழுதப்படுகின்றன. மற்றதெல்லாம் வண்டியோடு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது.

தரமணியிலுள்ள மாநில நீர்வள விவர மையமும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் கண்காணிப்புக் கிணறுகளில் மட்டத்தை அளந்து வருகின்றன. வாரியம் நாடு தழுவிய நீர்த்தாங்கி வரைபடமும் தயாரித்திருக்கிறது. நல்ல பணிகள். ஆனால் ஒரு வட்டாரத்தின் விரிசல் வலையைக் கட்டியெழுப்ப விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுத் துளைகள் போதாது. ஒவ்வொரு ஊரிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும் தனியார் துளைகளின் விவரம் வேண்டும். நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாடு 2003-ல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-ல் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் மாநிலம் முழுவதற்குமான புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கிறோம்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. போர் போட ஊராட்சியில் அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு ஒரு பக்கத் தாளைச் சேர்க்கலாம்: செல்பேசி காட்டும் இருப்பிடக் குறிப்பு, கேசிங் ஆழம், ஒவ்வொரு கேப்பும் விழுந்த அடி, அப்போதைய இஞ்ச், மறுநாள் காலை நீர்மட்டம். துளை தோற்றுப்போனாலும் எழுத வேண்டும். நீரில்லாத துளையும் கணினிக்குப் பாடம்தான். திருச்செங்கோட்டு உரிமையாளர் சங்கங்கள் மனம் வைத்தால் இந்தத் தாள் ஒரே பருவத்தில் தமிழகம் முழுக்கப் பழகிவிடும். விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் செஞ்சி வட்டத்திலேயே இதைத் தொடங்கலாம். தாள்களைத் திரட்டி, பெயர்களை நீக்கி, ஐ.ஐ.டி.க்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் அரசுக் கல்லூரிகளின் புவியியல் துறைகளுக்கும் திறந்துவிட வேண்டும்.

இந்தக் கோடையில் போர் போட இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசு தாள் கொடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியருகே உட்காருங்கள். ராடுகளை எண்ணும்போதே, கேப்பு விழுந்த அடியையும் தண்ணீர் கூடிய அளவையும் தேதியோடு எழுதுங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் எழுதச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த துளைக்குக் கடன் வாங்குவதற்கு முன் அந்த நோட்டைப் புவியியல் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.